டிங் மாஸ்டரின் தொட்டி

அந்த வீட்டுச் சூளையிலிருந்து இறங்குகிற எந்தக் கோப்பையும் மாஸ்டரின் விரலுக்குத் தப்பி வெளியே போனதில்லை. இடது உள்ளங்கையில் கோப்பையை நிறுத்தி, காதுப் பக்கமாகக் கொண்டுபோய், வலது நடுவிரலால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டுவார். 'டிங்' என்று நீளமாகச் சத்தம் வந்தால் கோப்பை முழுசு, அலமாரிக்குப் போகும். 'டப்' என்று செத்துப்போனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், பின்வாசல் தொட்டிக்குப் போகும். தொட்டிக்குப் போனதற்கு அப்புறம் வாழ்வு கிடையாது. சுத்தியலால் நொறுக்கி, பின்வாசலிலிருந்து சூளைக் கொட்டகை வரைக்கும் போகிற சேற்றுப் பாதையில் கொட்டி மிதித்துவிடுவார். விரிசல் கண்டதைப் பாதி விலைக்குக்கூட விற்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டது அவர் மனைவிதான். சுடச்சுட எதையாவது ஊற்றும்போது யார் கையிலாவது பிளந்துகொண்டால் அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்பாள்.

அந்த விரல் சுண்டலைப் பார்த்துத்தான் தெருப் பிள்ளைகள் அவருக்கு டிங் மாஸ்டர் என்று பேர் வைத்தன. பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மனிதர் கோபித்துக்கொள்வதுபோல் பாவனை செய்வார், உள்ளுக்குள் பெருமை தாங்காது. வாலிபம் முழுவதையும் நெசவு மில்லில், தறி ஓடுகிற கூடத்தில் கரைத்தவர். அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாயசைவைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மில்லை இழுத்து மூடிய பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவார், அலுத்துப்போய்க் கதவுப் பக்கம் போடுவார், மறுபடி ஜன்னல். மனைவிதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் குயவர் சக்கரத்தை விட்டு எழுந்து வந்து, "சும்மா உக்காந்து நாற்காலியத் தேய்க்காம இந்தக் கப்பையெல்லாம் தட்டிப் பாத்துச் சொல்லுங்களேன். எனக்குக் கை ஒழியல" என்றாள். அன்றைக்குப் பிடித்த வேலை. மண் பிசைவது, சக்கரத்தில் ஏற்றி இழுப்பது, பூச்சுப் பூசுவது எல்லாம் அவள். சூளை ஏற்றுவது, இறக்குவது, தட்டிப் பார்ப்பது எல்லாம் அவர்.

நாளைக் காலையில் கைவினைச் சந்தை. முன்னறை முழுக்க வைக்கோலும் பழைய செய்தித்தாளும் மரப்பெட்டியுமாக, கால் வைக்க இடமில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது. ஆனால் அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. இதுதான் கடைசிச் சந்தை என்று முடிவு பண்ணியாகிவிட்டது. சந்தை முடிந்த கையோடு சக்கரத்தை விற்றுவிடப் போகிறாள். வாங்குவதற்கு ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே மெல்லிசுக் கோப்பைகள்தான். கையில் எடுத்தால் எடையே தெரியாது, விளிம்பு உதட்டில் பட்டால் பட்டது தெரியாது. சந்தையில் அதைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். போன வருஷத்திலிருந்து அதற்கு ஏதோ பீடை பிடித்துவிட்டது. கனமான குடுவையும் கிண்ணமும் ஒழுங்காகத் தேறின. மெல்லிசு மட்டும் ஒவ்வொரு சூளைக்கும் முக்கால்வாசி தொட்டிக்குப் போனது. மாஸ்டர் தட்டோடு வந்து நிற்கும்போதே துக்கச் செய்தி கொண்டு வருகிறவர் மாதிரி முகம் தொங்கிப்போயிருக்கும். அவள் மண் வாங்குகிற இடத்தை மாற்றினாள். மண்ணை இரண்டு தடவை சலித்தாள். ஈரத்துணி போர்த்தி நிழலில் காய வைத்தாள். சூளையை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினாள். எதுவும் எடுபடவில்லை.

போதாக்குறைக்குப் போன சந்தையில் ஒரு கூத்து. தேறிய மெல்லிசுக் கோப்பைகளில் ஒன்றை வாங்கிப் போன பெண், அங்கேயே பக்கத்துக் கடையில் சூடாகப் பால் வாங்கி ஊற்ற, கோப்பை பிளந்து மடியெல்லாம் கொட்டிவிட்டது. சந்தை நடத்துகிற அம்மாள் வந்து எல்லார் முன்னாலும், "இன்னொரு தடவை இப்படி ஒண்ணு நடந்தா உங்களுக்கு இங்க இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் மாஸ்டர், "என் காதுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. உன் கை போயிடுச்சும்மா" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். மனிதர் பரிதாபப்பட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அது அவள் நெஞ்சில் போய்த் தைத்தது, எடுக்கவே முடியவில்லை.

அவர் தட்டியதை அவள் ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தாள். "நம்பிக்கை இல்லேன்னா நீயே தட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் நேராகப் போய் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து அவரைக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் விரல் பட்டதை அவள் தொடுவதில்லை.

அது மட்டும்தானா? கொஞ்ச காலமாகவே அவர் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டார். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கீச்சுக்குரல். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மனிதர், இப்போது அடுப்படியிலிருந்து அவள் கத்தினாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவன் கூப்பிட்டால் மட்டும் துள்ளி எழுந்து போவார். சக்கரத்தை விற்கப் போவதையும் அவள் அடுப்படியிலிருந்துதான் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொன்னால் அழுதுவிடுவோம் என்ற பயம். "ம்" என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு பேச்சு இல்லை, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. அன்று அவள் பானையைத் தேய்த்த தேய்ப்பில் அடி தேய்ந்திருக்க வேண்டும்.

பெட்டி கட்ட உதவுவதற்கு மத்தியானம் அவள் தங்கை வந்தாள். மருந்துக் கடையில் வேலை, லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாஸ்டர் அவளுக்கு வைத்த பேர் வாயாடி. பொருத்தமான பேர்தான். வந்ததும் வராததுமாக டீ போட்டாள், ஊற்றிக் குடிக்க ஒரு கோப்பை தேடி அடுப்படியைப் புரட்டினாள், கிடைக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் கப்பு செஞ்சு குடுக்கறவ வீட்ல ஒரு கப்பு இல்ல பாரு. நல்லாருக்குக்கா உங்க குடித்தனம்!"

"எல்லாம் பெட்டிக்குப் போயிடுச்சு. டம்ளர்ல குடி."

"டம்ளர் சுடும்" என்று சொல்லிக்கொண்டே பின்வாசலுக்குப் போனாள். சுத்தியல் தலை கழன்று பிடி போடத் தச்சரிடம் போயிருந்ததால், கடைசிச் சூளையில் கழித்த கோப்பைகள் இன்னும் உடைபடாமல் தொட்டியில் கிடந்தன. அதிலிருந்து ஒரு மெல்லிசை எடுத்துக் கழுவி, டீயை ஊற்றி, சர்க்கரை போட்டுக் கரண்டியால் கலக்கினாள்.

முன்னறையில் வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. கரண்டி கோப்பையில் பட்டுப் பட்டு, கணீர் கணீர் என்று மணி மாதிரி வந்தது சத்தம்.

"அது எங்கேருந்து எடுத்த?"

"தொட்டிலேருந்துதான். விரிசலா இருந்தா என்ன, என் ஒரு டீயத் தாங்காதா?"

அவள் கோப்பையைப் பிடுங்கி, டீயை முற்றத்தில் ஊற்றிவிட்டு, விளிம்பில் சுண்டினாள். டிங் என்றது. நீளமாக, நடுங்கி, அடங்கி மறைந்தது. தொட்டிக்குப் போய் இன்னொன்றைச் சுண்டினாள், டிங். அடுத்தது, அதுவும் டிங். தொட்டியில் இருந்த மெல்லிசு அத்தனையும் முழுசு. முன்னறைக்கு ஓடிவந்து, தேறியது என்று அவர் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து, வைக்கோலுக்குள் கை விட்டு மெல்லிசுகளாகப் பார்த்து எடுத்தாள். டப். டப். டப். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். விளிம்பிலிருந்து அடிவரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு இறங்கியது.

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை.

"அக்கா, தெரியாம பண்றவன் ஒண்ணு ரெண்டு தப்பு பண்ணுவான். நல்லதெல்லாம் தொட்டிலயும் ஓட்டையெல்லாம் பெட்டிலயும் இப்படி அச்சடிச்ச மாதிரி தலைகீழாப் பிரிக்கணும்னா, நல்லாத் தெரிஞ்சவன்தான் பிரிக்க முடியும்."

"என்னடி சொல்ற?"

"மாமா வேணும்னேதான் பண்றாரு. நீ சம்பாரிச்சு அவரு சாப்பிடறது அவருக்கு உறுத்துது. உன் பேரு ஊர்ல அடிபடறது அவருக்குப் பொறுக்கல. வேற என்ன?"

வேறு நேரமாக இருந்தால் வாயை மூடு என்றிருப்பாள். இப்போது அந்தப் பேச்சு அவளுக்குள் சரசரவென்று இறங்கியது. ஒரு வருஷமாகச் சலித்த மண், கெஞ்சிய கெஞ்சல், உன் கை போயிடுச்சும்மா, ம். எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்திக்கொண்டன. பாவி மனுஷா, கூட இருந்தே கழுத்தறுத்தாயே என்று வயிறு எரிந்தது. தங்கை டீ ஊற்றிய முழுசுக் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். ஓட்டுச் சில்லுகள் காலடியில் நறநறவென்றன. அவர் காலடியில் போட்டு உடைத்து, சக்கரத்தை விற்க வைக்கத்தானே இத்தனையும் செய்தாய் என்று கேட்டுவிடுவது என்றுதான் போனாள்.

மாஸ்டர் கொட்டகை வாசலில் அவளுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, கிண்ணப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெகு நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி அவளை இன்னும் கிளப்பிவிட்டது. கோப்பையை அவர் தலைக்குப் பின்னால் நீட்டி ஒரு சுண்டு சுண்டினாள். இந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பட்டும், கையும் களவுமாக மாட்டியவன் முகம் எப்படி வெளுக்கிறது என்று பார்ப்போம்.

அவர் திரும்பவில்லை.

கரண்டியால் தட்டினாள். மதில்மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஓங்கித் தட்டினாள். அடுப்படியிலிருந்து தங்கை, "என்னக்கா சத்தம்?" என்று கேட்டாள். மாஸ்டர் கயிற்றின் நுனியை நாக்கில் நனைத்து முடிச்சுக்குள் கோத்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கும் அந்தக் கோப்பைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம்.

அப்போது தெருக் கதவிலிருந்து, சந்தைக்குப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டிக்காரரின் கட்டைக்குரல் வந்தது. "மாஸ்டர்! கயிறு பத்துமா?"

"பத்தாதுப்பா, இரு வர்றேன்!" என்று உடனே பதில் சொல்லிக்கொண்டு எழுந்தவர், பின்னால் நின்றவளைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார். "ஆத்தாடி! நீ எப்ப வந்த? பூனை மாதிரி."

அவள் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஏன் மறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வண்டிலயே கடைக்குப் போய்க் கயிறு வாங்கிட்டு, தச்சர்கிட்ட சுத்தியலையும் வாங்கிட்டு வந்துடறேன். வந்து தொட்டியக் காலி பண்ணிட்டா வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, ஓட்டுச் சில்லுப் பாதையில் சரக் சரக்கென்று நடந்து போனார்.

அவள் அங்கேயே கிண்ணப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். கட்டைக்குரல் கேட்கிறது. கனமான கிண்ணம் போடுகிற கட்டைச் சத்தமும் கேட்கிறது, அதனால் அது தேறுகிறது. விரிசல் விட்ட மெல்லிசு டப் என்று தாழ்ந்த சத்தம் போட்டால் அதுவும் கேட்கிறது, பேசுகிறது என்று பெட்டியில் வைக்கிறார். முழுசாக இருக்கிற மெல்லிசு கிண்ணென்று உச்சத்தில் போடுகிற சத்தம் மட்டும் அவருக்கு இல்லை. சுண்டுகிறார், ஒன்றுமே வரவில்லை, செத்த கோப்பை என்று தொட்டியில் போடுகிறார். அவளுடைய கீச்சுக்குரலும் அந்தக் கோப்பைகளோடேயே போயிருக்கிறது. ஒரு வருஷமாக அவள் திமிர் என்று நினைத்து மல்லுக்கட்டியது எதனோடு என்று இப்போது தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் தங்கைக்குச் சட்டென்று முகம் சுண்டிப்போயிற்று. "எங்க கடைக்கு மில்லுக்காரங்க நிறைய வருவாங்கக்கா. காதுல அழுக்கு அடைச்சிருக்கு, சொட்டு மருந்து குடுன்னு கேப்பாங்க. அழுக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது, தறிச் சத்தத்துல காதுதான் போயிருக்கும். சொன்னா நம்ப மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் வேற மாமாவக் கண்டபடி பேசிட்டேன்" என்றாள்.

"நான் மட்டும் என்ன? அவரு காலடியில போட்டு உடைக்கத்தான் போனேன்."

"சொல்லிடுக்கா."

"சொல்லி? திரும்ப அந்த நாற்காலியில கொண்டுபோய் உக்கார வைக்கவா? நாளைக்குச் சந்தை முடியட்டும்."

கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்துவதற்கு ஆள் இல்லாமல் கோபம் மட்டும் கையில் நின்றது. அவள் மனசைப் போட்டு இழைத்த கோப்பைகளை ஒரு வருஷமாக அந்த மனிதர் நொறுக்கியிருக்கிறார், அதுவும் வருத்தப்பட்டுக்கொண்டே. அவளும் தன் கையை நம்பாமல் அவர் காதை நம்பியிருக்கிறாள். இதில் யாரைத் திட்டுவது?

இரண்டு பேருமாகச் சேர்ந்து பெட்டியில் இருந்த விரிசல் கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். தொட்டியில் இருந்த முழுசுகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். மேலாகப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. அவர் வந்து உடைக்க வேண்டியதை உடைத்துவிடுவார், விற்க வேண்டியது விற்கும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருட்டுத்தனமாக நல்லது செய்துவிட்ட திருப்தியில் அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள். அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனாள்.

மாஸ்டர் திரும்பி வந்தார். பின்வாசலில் அவர் தொட்டியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அவள் பெட்டிமேல் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே சுத்தியல் சத்தத்துக்குக் காத்திருந்தாள். டப் என்று ஒரு சுண்டல். சுத்தியல் விழவில்லை. டப் என்று இன்னொன்று. அதற்கும் சுத்தியல் விழவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழக்கம் ஞாபகம் வந்தது. உடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்பையையும் அவர் கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தார். கையில் பெரிய தட்டு. தட்டு நிறைய விரிசல் கோப்பைகள். ஒரு வருஷமாக அவள் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

"இங்க பாரு! எல்லாம் பேசுது! தொட்டில போட்டதெல்லாம் பேசுது!"

அவள் எழுந்து நின்றாள்.

"நான்தாம்மா அவசரத்துல தப்பாப் பிரிச்சுத் தொலைச்சிருக்கேன். உன் கை எங்கயும் போகல. அன்னிக்கு வாசல்ல வெச்சு ஒரு வார்த்த சொல்லிட்டேன் பாரு, அதையே நினைச்சு நினைச்சு எனக்கு ஒழுங்கான தூக்கமே கிடையாது. கேக்கறவங்களுக்கு மெல்லிசு இல்ல இல்லன்னு சொல்லி நீ நின்ன நிலையப் பாத்தேன்ல." தட்டை மேஜைமேல் வைத்து, ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். "வாயாடி, நீ என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? உங்க அக்கா கெட்டிக்காரின்னு ஒத்துக்கிட்டேன், போதுமா?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. சிரித்து வைத்துவிட்டு, தட்டை வாங்கி எங்கேயாவது ஒளித்துவிட்டால் போயிற்று. இந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே. அதற்குள் அவர், "இதெல்லாம் முன்வரிசையில வெக்கணும். அந்தச் சந்தைக்காரம்மா வந்தா ஒண்ண எடுத்துக் கையில குடு. சுடச்சுட ஊத்திக் குடிச்சுப் பாக்கட்டும். அப்பத் தெரியும் யாருக்கு இடம் கிடையாதுன்னு" என்றார். பெட்டியின் மூடியைத் திறந்து வைக்கோலை விலக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அவள் போய் அவர் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தன் வாய் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டாள்.

"நீங்க கொண்டு வந்ததுல ஒண்ணுல சுடுதண்ணி ஊத்துங்க."

"எதுக்கு?"

"ஊத்துங்களேன்."

இன்னொரு டீக்காகத் தங்கை அடுப்பில் வைத்திருந்த வெந்நீர் கொதித்தது, எடுத்து வந்தார். ஊற்றினார். கோப்பையின் வெளிப்பக்கத்தில் ஈரமாக ஒரு கோடு அரும்பி, அடிவரைக்கும் இறங்கியது. பிறகு, தூக்கத்தில் வாய் திறப்பது மாதிரி, கோப்பை இரண்டாகச் சாய்ந்தது. வெந்நீர் மேஜையெல்லாம் ஓடியது.

அவர் முகம் வாடிவிட்டது. அப்போதும் அவளைப் பார்த்துத்தான் இரக்கப்பட்டார். "மறுபடியும் மண்ணுதானா? கவலப்படாத, வேற மண்ணு பாப்போம்."

"மண்ணு இல்லைங்க." பெட்டியிலிருந்து ஒரு முழுசை எடுத்து அவர் காதருகில் வைத்துச் சுண்டினாள். அறை முழுக்க நிறைந்தது சத்தம். "கேக்குதா?"

"என்னத்தக் கேக்கணும்? அது ஊமை."

"ஊமை இல்லைங்க."

அவர் மச்சினியைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் நாலு பேச்சுப் பேசுகிற வாயாடி, இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினாள். எந்தப் பேச்சும் செய்யாததை அந்தத் தலையாட்டல் செய்துவிட்டது. மாஸ்டர் கோப்பையை வாங்கி வலது காதில் வைத்துச் சுண்டினார். இடது காதில் வைத்துச் சுண்டினார். விளிம்பில் விரலை வைத்துக்கொண்டே சுண்டினார். அதிர்வு விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சூடு பட்டதுபோல் விரலை எடுத்துவிட்டார்.

"எப்பலேருந்து?" என்றார்.

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"நீ கூப்பிட்டா எனக்குக் கேக்குதே."

"நேரா நின்னு கூப்பிட்டாத்தான். சக்கரத்த விக்கப் போறேன்னு சொன்னேன். நீங்க 'ம்'னு சொன்னீங்க."

"சக்கரத்தையா? எப்பச் சொன்ன?" மனிதர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "எங்கேருந்து சொன்ன?"

"அடுப்படிலேருந்து."

பிடித்த கையை மெதுவாக விட்டார். நாற்காலிப் பக்கம் போய்விடுவாரோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் நாற்காலியைப் பார்க்கவேயில்லை. பின்வாசலுக்குப் போனார். சுத்தியல் புதுப் பிடியோடு தொட்டி ஓரத்தில் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டிக் கொட்டகைக்குப் போகக் காலைத் தூக்கியவர், அப்படியே நின்றார். முன்னால் பாதை நீளத்துக்கும் ஓட்டுச் சில்லு. நீலமும் வெள்ளையுமாக, மெல்லிசு மெல்லிசாக, வருஷம் பூராவும் அவர் கொட்டி மிதித்தது. தூக்கிய காலைப் பாதையில் வைக்க அவரால் முடியவில்லை. பக்கத்துச் சேற்றில் இறங்கினார். கணுக்கால் வரைக்கும் புதைந்தது. புதையப் புதைய நடந்து பாதி தூரம் போய் நின்றுகொண்டார்.

"ஏங்க" என்று அவள் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, வண்டிக்காரர் மாதிரியே, "மாஸ்டர்!" என்றாள்.

அவர் திரும்பினார். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

கையை நீட்டிப் பாதையைக் காட்டினார். "இதுல... எல்லாமே நல்லதா?"

அவள் வாசல்படியில் நின்றபடி, "எல்லாமே இல்லைங்க. பாதி விரிசல்தான்" என்றாள். பொய்தான். அவசரத்தில் அவளுடைய சொந்தக் குரலில், வழக்கமான கீச்சுக்குரலில் வந்துவிட்டது. சாயங்கால வெளிச்சத்தில் அவள் முகமும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

"என்ன சொன்ன? கேக்கல" என்றார் அவர். காதுக்குப் பின்னால் கையை மடித்து வைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்து அவள் பார்த்ததில்லை.

அவசரத்தில் ஒருமுறை சொல்லிவிட்ட பொய்யை மறுபடியும் ஓங்கிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் சேற்றில் நின்று காத்துக்கொண்டிருந்தார்.